மீனுக்கு நல்ல தண்ணீர்

அல்சூர் ஏரியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பெங்களூரில் உள்ள பழைய ஏரிகளில் அதுவும் ஒன்று. அதன் பரப்பு 120 ஏக்கருக்கும் மேல். ஏரிக்குப் பக்கத்தில் திருவள்ளுவர் சிலை இருக்கிறது. அந்தச் சிலையை 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதி திறந்து வைத்தார்கள்.

2016-ஆம் ஆண்டு மார்ச் மாதம் இந்த ஏரியில் ஒரு துயரம் நடந்தது. ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. கரை ஓரம் முழுவதும் வெள்ளையாக மீன்கள் ஒதுங்கின. அந்தப் பக்கம் நடக்க முடியாதபடி நாற்றம் அடித்தது.

அந்த மீன்களுக்கு யாரும் விஷம் வைக்கவில்லை. ஏரியில் சாக்கடை நீர் கலந்தது. அதனால் தண்ணீரில் இருந்த ஆக்சிஜன் குறைந்தது. மீன்கள் மூச்சுத் திணறி இறந்தன.

ஏரியில் நடப்பதுதான் சிறிய தொட்டியிலும் நடக்கும். இன்று பலர் வீட்டில் வண்ண மீன் வளர்க்கிறார்கள். சிலர் ஆசைக்கு வளர்க்கிறார்கள். சிலர் விற்று வருமானம் தேடுகிறார்கள். சென்னையில் கொளத்தூர் பகுதியில் பல குடும்பங்களுக்கு வண்ண மீன்தான் தொழில். காசு போட்டு வாங்கிய மீன்கள் ஒரே இரவில் செத்துப் போனால் எப்படி இருக்கும்? அப்படி நடக்காமல் இருக்க என்ன செய்யலாம்? இந்தப் பாடத்தில் தெரிந்து கொள்வோம்.

கோய் மீன் எது?

கோய் என்பது ஒரு வகைக் கெண்டை மீன். நம் ஊர் மீன் கடைகளில் சாதா கெண்டை விற்கிறார்கள் அல்லவா? அந்தக் கெண்டையின் வண்ண வகைதான் கோய். சிவப்பு, வெள்ளை, கறுப்பு, மஞ்சள் எனப் பல நிறங்களில் இருக்கும்.

ஜப்பான் நாட்டில் நீகாட்டா என்ற பகுதி உண்டு. அங்கு நெல் பயிரிடும் விவசாயிகள் உணவுக்காகக் கெண்டை வளர்த்தார்கள். அவற்றில் சில மீன்கள் நிறம் மாறிப் பிறந்தன. அவற்றைத் தனியே எடுத்து வளர்த்தார்கள். 1914-இல் டோக்கியோ நகரில் நடந்த கண்காட்சிக்குப் பிறகு கோய் மீன் ஜப்பான் முழுவதும் புகழ் பெற்றது.

கடையில் வாங்கும்போது கோய் விரல் நீளம்தான் இருக்கும். நன்றாக வளர்ந்தால் 2 அடி வரை வரும். நிறையத் தின்னும். நிறையக் கழிவு விடும். அதனால் கண்ணாடிப் பெட்டி இதற்குப் போதாது. பெரிய தொட்டி வேண்டும். நல்ல வடிகட்டியும் வேண்டும். கடையில் இதை ஃபில்டர் என்பார்கள்.

தெளிந்த நீர் எல்லாம் நல்ல நீரா?

மீனுக்குத் தண்ணீர்தான் வீடு. அது தின்பதும் அதே தண்ணீரில். கழிப்பதும் அதே தண்ணீரில்.

மீனின் கழிவிலிருந்தும் செவுளிலிருந்தும் அம்மோனியா என்ற பொருள் வருகிறது. தின்னாமல் மிச்சம் விட்ட தீனி அழுகினாலும் அம்மோனியா வரும். இது மீனுக்கு விஷம். செவுளைப் புண்ணாக்கும். நம் கண்ணுக்கு இது தெரியாது. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்து இருக்கும். உள்ளே விஷம் இருக்கும்.

இந்த விஷத்தை மாற்றுவது யார்? கண்ணுக்குத் தெரியாத நல்ல நுண்ணுயிர்கள். ஒரு வகை நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் மீனுக்குக் கெடுதல்தான். இன்னொரு வகை நுண்ணுயிர் அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் கொஞ்சம் இருந்தால் மீனுக்குத் தீங்கு இல்லை. செடிக்கு அது உரம்.

எனவே வடிகட்டிக்கு இரண்டு வேலைகள் உண்டு.

முதல் வேலை: அழுக்கைப் பிடித்து நிறுத்துவது.
இரண்டாம் வேலை: நல்ல நுண்ணுயிர்கள் வாழ இடம் கொடுப்பது.

டீ வடிகட்டி முதல் வேலையை மட்டும் செய்யும். மீன் தொட்டியின் வடிகட்டி இரண்டையும் செய்ய வேண்டும். இரண்டாவது வேலைதான் மீனின் உயிரைக் காக்கிறது.

தொட்டியை அளப்போம்

வடிகட்டி வாங்கும் முன் தொட்டியில் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று தெரிய வேண்டும். கணக்கு எளிது. நீளம், அகலம், தண்ணீரின் ஆழம் மூன்றையும் அடியில் அளந்து கொள்ளுங்கள். மூன்றையும் பெருக்குங்கள். வரும் எண்ணை 28 ஆல் பெருக்குங்கள். ஒரு கன அடியில் சுமார் 28 லிட்டர் தண்ணீர் பிடிக்கும்.

நீளம் 7 அடி. அகலம் 5 அடி. ஆழம் 3 அடி.
7 × 5 × 3 = 105 கன அடி.
105 × 28 = 2,940 லிட்டர்.
சுமார் 3,000 லிட்டர் என்று வைத்துக் கொள்ளலாம்.

வளர்ந்த கோய் ஒன்றுக்கு 1,000 லிட்டர் தண்ணீர் விடுவது நல்லது. இந்தத் தொட்டியில் பெரிய மீன் 3 வளர்க்கலாம். விரல் நீளக் குஞ்சு என்றால் 10 வரை விடலாம். அவை வளர வளர விற்று எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. 3,000 லிட்டர் என்றால் 3,000 கிலோ. 50 கிலோ சிமெண்டு மூட்டை 60-ஐ ஒரே இடத்தில் அடுக்கியது போல. அல்சூர் போன்ற இடங்களில் வீடுகள் நெருக்கம். கீழே இடம் இல்லை என்று மொட்டை மாடியில் தொட்டி வைக்க நினைப்பார்கள். கட்டட எஞ்சினியரைக் கேட்காமல் மாடியில் வைக்க வேண்டாம். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரையும் கேளுங்கள்.

சிமெண்டுத் தொட்டி புதிதாகக் கட்டினால் உடனே மீன் விடக் கூடாது. சிமெண்டின் காரம் தண்ணீரில் இறங்கும். இரண்டு மூன்று வாரம் தண்ணீர் நிரப்பி ஊற விடுங்கள். இடையிடையே தண்ணீரைக் கொட்டி மாற்றுங்கள்.

கடையில் எதைக் கேட்பது?

கடையில் இப்படிப் பேச்சு நடக்கலாம்.

"அண்ணே, கோய் மீனுக்கு ஃபில்டர் வேணும்."

"இந்தா அக்கா, இது விளக்கு வச்சது. தண்ணி பளபளன்னு இருக்கும்."

"அந்த விளக்கு என்ன வேலை செய்யும் அண்ணே?"

"பச்சைத் தண்ணியைத் தெளிய வைக்கும்."

"அம்மோனியாவைக் குறைக்குமா?"

"அதைக் குறைக்காது அக்கா. அதுக்கு உள்ளே இருக்கிற பஞ்சும் வளையமும்தான்."

"எங்க தொட்டி 3,000 லிட்டர். இந்தச் சின்ன டப்பா போதுமா?"

"அவ்வளவு பெரிசா? அப்ப இது பத்தாது அக்கா."

இந்த அக்கா கேட்டது போல நீங்களும் கேளுங்கள். விளக்கு என்றது யு.வி. விளக்கு. அது நீரில் மிதக்கும் பச்சைப் பாசியைக் கொல்லும். ஆனால் வடிகட்டி செய்யும் வேலையை அது செய்யாது. முதலில் வடிகட்டி. காசு மிஞ்சினால் பிறகு விளக்கு.

வாங்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

1. வடிகட்டியின் அளவு. தொட்டியில் பத்தில் ஒரு பங்காவது இருக்கட்டும். 3,000 லிட்டர் தொட்டிக்கு 300 லிட்டர் வடிகட்டி.

2. பம்பின் வேகம். ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்தில் தொட்டித் தண்ணீர் முழுவதும் ஒரு முறை வடிகட்டி வழியாகப் போய் வர வேண்டும். நம் தொட்டிக்கு மணிக்கு 2,000 லிட்டர் வந்தால் போதும். பெட்டியில் எழுதியிருக்கும் அளவு, தண்ணீரை மேலே ஏற்றாதபோது வரும் அளவு. உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறையும். எனவே உங்கள் வடிகட்டியின் உயரத்தைச் சொல்லிப் பம்பு கேளுங்கள்.

3. கரண்டுச் செலவு. பம்பு இரவும் பகலும் ஓட வேண்டும். 40 வாட்ஸ் பம்பு ஒரு நாளில் ஏறக்குறைய 1 யூனிட் எடுக்கும். மாதம் 30 யூனிட். இதையும் கணக்கில் சேர்த்துக் கொள்ளுங்கள்.

நாமே செய்யலாம்

பெரிய வடிகட்டி விலை அதிகம். 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் இரண்டு இருந்தால் நாமே செய்யலாம். உணவுப் பொருள் வந்த டிரம்மாகப் பார்த்து வாங்குங்கள். மருந்து, ரசாயனம் வந்த டிரம் வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் அதை நம்ப முடியாது.

முதல் டிரம் அழுக்கைப் பிடிக்க. இரண்டாவது டிரம் நுண்ணுயிருக்கு.

வேலை இப்படி:

1. இரண்டு டிரம்களையும் தொட்டிக்குப் பக்கத்தில், தொட்டி விளிம்பை விட உயரமான மேடையில் வையுங்கள். முதல் டிரம் இரண்டாவதை விட அரை அடி உயரத்தில் இருக்கட்டும். மேடை உறுதியாக இருக்க வேண்டும். தண்ணீர் நிறைந்தால் ஒவ்வொரு டிரம்மும் 200 கிலோவுக்கு மேல் எடை வரும்.

2. ஒவ்வொரு டிரம்முக்குள்ளும் 3 அங்குல பிளாஸ்டிக் பைப்பு ஒன்றை நிமிர்த்தி நிறுத்துங்கள். பைப்பின் மேல் முனை தண்ணீர் மட்டத்துக்கு மேலே திறந்து இருக்கட்டும். கீழ் முனை டிரம்மின் அடியிலிருந்து அரை அடி மேலே நிற்கட்டும்.

3. பம்பிலிருந்து வரும் குழாயை முதல் டிரம்மின் பைப்பு வாய்க்கு மேலே கட்டுங்கள். தண்ணீர் மேலிருந்து பைப்புக்குள் விழ வேண்டும். குழாயைத் தண்ணீருக்குள் முக்க வேண்டாம். முக்கினால் கரண்டு நின்றதும் டிரம்மில் உள்ள தண்ணீர் அந்தக் குழாய் வழியே தொட்டிக்குத் திரும்பிப் போய்விடும்.

4. டிரம்மின் மேல் பகுதியில் துளை போட்டு 2 அங்குல டேங்க் நிப்பிள் மாட்டுங்கள். தண்ணீர் அடியில் இறங்கி, மேலே ஏறி, இந்த வழியாக வெளியே வரும். முதல் டிரம்மிலிருந்து இரண்டாவதற்கு. இரண்டாவதிலிருந்து தொட்டிக்கு. வெளியேறும் பைப்பு, உள்ளே வரும் குழாயை விடப் பெரிதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டிரம் வழிந்து தொட்டி காலியாகும்.

5. இரண்டு டிரம்களின் அடியிலும் ஒரு வால்வு வையுங்கள். அழுக்கைத் திறந்து விட இது உதவும்.

6. முதல் டிரம்மில் பைப்பைச் சுற்றி நைலான் வலைகளைத் தளர்வாகப் போடுங்கள். கனமான அழுக்கு அடியில் தங்கும். லேசான அழுக்கு வலையில் சிக்கும்.

7. இரண்டாவது டிரம்மின் அடியில் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து வையுங்கள். அதன் மேல் நுண்ணுயிர்கள் ஒட்டி வாழும் பொருளை அடுக்குங்கள். துண்டு துண்டாக வெட்டிய பிளாஸ்டிக் பைப்பு, பாட்டில் மூடி, பாத்திரம் தேய்க்கும் நைலான் நார் எல்லாம் ஆகும். சோப்பு படாத புதிய நாராக இருக்க வேண்டும். இரும்பு நார் கூடாது. வெங்காயம் வரும் வலைப் பையில் கட்டிப் போட்டால் எடுப்பது எளிது.

8. இரண்டாவது டிரம்மின் அடியில் காற்றுக் கல் ஒன்று போடுங்கள். நல்ல நுண்ணுயிர்களுக்கும் ஆக்சிஜன் தேவை.

ஒரு முக்கியமான செய்தி. தண்ணீரும் கரண்டும் சேர்ந்தால் ஆளைக் கொல்லும். பம்பை எர்த் உள்ள பிளக்கில் மாட்டுங்கள். கசிவு வந்தால் தானே நின்றுவிடும் சுவிட்சை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் போடச் செய்யுங்கள். தொட்டிக்குள் கை விடும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

உறை ஊற்றுவது போல

வடிகட்டி தயார். தண்ணீர் ஓடுகிறது. இப்போது எல்லா மீனையும் விட்டுவிடலாமா? கூடாது. வடிகட்டியில் இன்னும் நுண்ணுயிர்கள் இல்லை. அவை பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். குளிர் காலத்தில் இன்னும் சில நாள் கூடும்.

பாலில் உறை மோர் ஊற்றினால்தான் தயிர் தோயும். இதுவும் அப்படித்தான். நோய் இல்லாத மீன் வளர்க்கும் ஒருவரின் வடிகட்டியிலிருந்து கொஞ்சம் பழைய நாரை வாங்கி வந்து உங்கள் டிரம்மில் போடுங்கள். அதைக் காயாமல் ஈரத்தோடு கொண்டு வர வேண்டும். நுண்ணுயிர்கள் சீக்கிரம் பெருகும்.

முதலில் 2 குஞ்சு மட்டும் விடுங்கள். தீனி மிகக் குறைவாகப் போடுங்கள். வண்ண மீன் கடையில் தண்ணீர் சோதிக்கும் சொட்டு மருந்து கிடைக்கும். சிறு குப்பியில் தொட்டித் தண்ணீர் எடுத்துச் சொட்டு விட்டால் நிறம் மாறும். அட்டையில் உள்ள நிறத்தோடு ஒத்துப் பாருங்கள். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும். பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் ஒரு வாரம் பூஜ்யமாகவே இருந்தால் வடிகட்டி தயார். அதன் பிறகு மற்ற மீன்களைக் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம்.

தினமும், வாரமும்

* தீனி 5 நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். கெண்டை மீனுக்கு இரைப்பை கிடையாது. ஒரே நேரத்தில் கொட்டாமல் பிரித்துப் பிரித்துப் போடுங்கள்.

* வாரம் ஒரு முறை முதல் டிரம்மின் அடி வால்வைத் திறந்து அழுக்கை வெளியேற்றுங்கள்.

* வாரம் ஒரு முறை தொட்டித் தண்ணீரில் பத்தில் ஒரு பங்கை மாற்றுங்கள். எடுத்த தண்ணீரைப் பூச்செடிக்கும் கீரைக்கும் ஊற்றுங்கள். நைட்ரேட் அவற்றுக்கு உரம்.

* காவேரிக் குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லக் குளோரின் போடுகிறார்கள். அது நமக்கு நல்லது. மீனுக்கும் நல்ல நுண்ணுயிருக்கும் கெடுதல். ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் காற்று விட்டு வைத்த பிறகு ஊற்றுங்கள். போர் தண்ணீரையும் அப்படியே ஒரு நாள் காற்று விட்டுப் பயன்படுத்துங்கள்.

* இரண்டாவது டிரம்மில் உள்ள நாரைக் குழாயடியில் கழுவ வேண்டாம். பளிச்சென்று கழுவினால் நுண்ணுயிர்கள் போய்விடும். அடைத்துக் கொண்டால் பாதியை மட்டும் எடுத்து, தொட்டித் தண்ணீரில் அலசிப் போடுங்கள். மறு பாதியை ஒரு மாதம் கழித்து அலசுங்கள்.

ஆபத்தை அறிவது எப்படி?

விடியற்காலையில் தொட்டியைப் பாருங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றனவா? தண்ணீர் விழும் இடத்தில் கூடி நிற்கின்றனவா? தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு அல்லது அம்மோனியா, நைட்ரைட் கூடுதல் என்று அர்த்தம். இரவில் பாசியும் ஆக்சிஜனை எடுக்கும். அதனால் விடியும் நேரத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்திருக்கும்.

உடனே தீனியை நிறுத்துங்கள். காற்றுப் பம்பு போடுங்கள். குளோரின் போன தண்ணீர் கொண்டு மூன்றில் ஒரு பங்கு மாற்றுங்கள். பிறகு சோதித்துப் பாருங்கள். இதற்காகவே ஒரு டிரம்மில் எப்போதும் தண்ணீர் பிடித்து வைப்பது நல்லது.

கரண்டு போனால் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு உதவும். பல மணி நேரம் கரண்டு இல்லாவிட்டால் டிரம்மில் தண்ணீர் தேங்கிக் கெட்டுவிடும். கரண்டு வந்ததும் பம்பை உடனே போடாதீர்கள். டிரம் தண்ணீரை வால்வு வழியாக வெளியே விடுங்கள். பிறகு பம்பைப் போடுங்கள்.

ஏரி சொல்லும் பாடம்

ஏரியிலும் வடிகட்டி உண்டு. சேறு, செடி, காற்று, நுண்ணுயிர் எல்லாம் சேர்ந்து தண்ணீரைச் சுத்தம் செய்கின்றன. ஓரளவு கழிவைத்தான் அவை தாங்கும். அளவுக்கு மேல் சாக்கடை வந்தால் அதை அழிக்கும் நுண்ணுயிர்களே ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். 2016-இல் அல்சூர் ஏரியால் தாங்க முடியவில்லை.

நம் தொட்டியும் அப்படித்தான். மீன் அதிகம், தீனி அதிகம், வடிகட்டி சிறிது என்றால் தாங்காது. தொட்டி தாங்கும் அளவுக்கே மீன் வளர்ப்போம்.

மீன் பெரிதாகிவிட்டது, இடம் இல்லை என்று கோயை ஏரியில் விடாதீர்கள். கெண்டை அடிச் சேற்றைக் கிளறித் தண்ணீரைக் கலக்கும். நோய் இருந்தால் ஏரி மீன்களுக்கும் பரவும். வளர்க்க விரும்பும் வேறு ஒருவருக்குக் கொடுங்கள். அல்லது கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

யோசித்துச் சொல்லுங்கள்

1. தெளிந்த தண்ணீரிலும் மீன் சாகலாம். ஏன்?
2. வடிகட்டியின் இரண்டு வேலைகள் என்ன?
3. இரண்டாவது டிரம்மின் நாரை ஏன் குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது?
4. உங்கள் பகுதியில் உள்ள ஏரி அல்லது குளத்தில் என்னென்ன கலக்கிறது? போய்ப் பார்த்து எழுதுங்கள்.

கணக்குப் போடுங்கள்

ஒரு தொட்டியின் நீளம் 10 அடி, அகலம் 5 அடி, தண்ணீரின் ஆழம் 4 அடி.
1. அதில் எத்தனை லிட்டர் தண்ணீர் பிடிக்கும்?
2. வளர்ந்த கோய் எத்தனை வளர்க்கலாம்?
3. எத்தனை லிட்டர் வடிகட்டி வேண்டும்?

(விடை: 5,600 லிட்டர், 5 மீன், 560 லிட்டர்)

புதிய சொற்கள்

செவுள் - மீன் மூச்சு விடும் உறுப்பு
நுண்ணுயிர் - கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய உயிர்
அம்மோனியா - மீன் கழிவிலிருந்து வரும் விஷப் பொருள்
வடிகட்டி - தண்ணீரைச் சுத்தம் செய்யும் கருவி